தானாக உடைந்த கரை

இந்தப் பக்கத்தில் மழையைத் திட்டுகிறார்கள். நான் வந்து சேர்ந்த ஆண்டில் என் நாட்குறிப்பில் முதலில் எழுதிய வியப்பு அதுதான். 2008 அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை, ஐப்பசி. படப்பை பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தூறல் விழுந்ததும் கடைக்காரர் வானத்தைப் பார்த்து, "சனியம் புட்ச்ச மழ, வந்துட்சி பாரு" என்றார். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் யாரோ கோயிலுக்குள் செருப்போடு நுழைந்ததுபோல இருந்தது. "நல்லா பெய்யட்டும்ண்ணே" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, வூடு மேட்லயா கீது?" என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்கிறார் என நினைத்து, "முதுகுளத்தூர் பக்கம்ண்ணே" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். வீடு மேட்டிலா பள்ளத்திலா என்பது இங்கே ஜாதகத்தைவிடப் பெரிய விஷயம் என்று புரிய எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் ஆலையில் வேலை செய்யவில்லை. ஒரகடத்துக்கு வந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் கார் கம்பெனியிலும் பாகங்கள் செய்யும் கம்பெனியிலும் லைனில் நிற்கிறார்கள். நான் படப்பையில், ஒரு செல்போன் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்து கணினிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். புதிய தொழிற்பூங்கா ஒன்று வருகிறது என்றால், அங்கே பெய்கிற மழை எங்கே போகும், எந்தத் தெருவில் ஏறும், எவ்வளவு வண்டலை இழுத்துவந்து எங்கே படியவைக்கும், ஆலை விடும் கழிவு எத்தனை தூரத்தில் நீர்த்துப்போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லவேண்டும். நிலத்தைச் சிறு சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உயரமும் சொரசொரப்பும் கொடுத்து, மேலிருந்து மழையைக் கொட்டினால் திரையில் நீலம் பரவும். இதற்கு மாடல் என்று பெயர். என் அப்பா ஆயுள் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தே கழித்தவர். நான் ஒரு விசையைத் தட்டிப் பெருமழை பெய்யவைத்தேன். தொடக்கத்தில் அதில் ஒரு போதையே இருந்தது. வேலை இல்லாத நேரத்தில் நம்மூர்க் கண்மாயைக்கூடக் கணினியில் வரைந்து ஒருமுறை நிரப்பிப் பார்த்திருக்கிறேன்.

நான் குடியிருந்தது முனுசாமி அண்ணன் வீட்டில். ஐம்பது வயதைத் தாண்டியவர், பரம்பரை விவசாயி. நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பூங்காவுக்குப் போனபின் கம்பெனி பஸ் ஓட்டினார். அவர் மனைவி வசந்தா அக்கா இரண்டு கறவைப் பசுக்களை வைத்துக்கொண்டு, எங்களைப் போல அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களுக்குப் பால் ஊற்றுவார். ஊருக்கு மேற்கே ஒரு சின்ன ஏரி, சித்தேரி என்பார்கள். அது நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, ஓடை பிடித்து, கடைசியில் அடையாற்றுக்குப் போகும். ஏரிக்கரைக்கு வடக்கே இருந்த வயல்கள்தான் பூங்காவாக மாறிக்கொண்டிருந்தன. தெற்கே தாழ்வாக ஒரு தெரு. பூங்காவின் வடிகாலுக்கான மாடல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். குடியிருக்கும் ஊர் அல்லவா.

மாடலை யாரும் அப்படியே நம்பிவிட மாட்டார்கள். ஏற்கெனவே வந்த ஒரு வெள்ளத்தை அது சரியாகத் திரும்பக் காட்டவேண்டும். நான் 2005 மழையை எடுத்துக்கொண்டேன். கணினியில் அந்த மழையைப் பெய்யவைத்தால் ஏரி நிரம்பி, தெற்குத் தெரு முழுகியது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதே இல்லை என்றார்கள். எங்கோ பிசகு. 2010 மே 8, சனிக்கிழமை, டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். ஆறேழு பேர் கூடினார்கள், முனுசாமி அண்ணனும் இருந்தார். அந்த மழையில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முனுசாமி அண்ணன்தான் சொன்னார்.

"தோ, அந்த மதகுக் கல்லு கீது பாரு, அது முழுகிச்சி. அப்பறம் வடக்கால கர தானா ஒட்சிகினு பூட்சி. தண்ணி வயலுக்கு எறங்கிட்சி."

"அதுக்கு முன்னாடி பெருமழை வந்தப்ப?"

"அப்பவும் அதே எடம்தான் தம்பி. தானா ஒட்சிக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அது சிரிப்பு என்று இப்போது தெரிகிறது. அன்று இருமல் என்று நினைத்தேன். உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பலமுறை மண் போட்டு அடைத்த அடையாளம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. "அவர்கள் நினைவில் உள்ள மூன்று பெருமழையிலும் ஒரே இடம், மண் வலுவற்றது" என்று குறித்துக்கொண்டேன். அலுவலகத்துக்குத் திரும்பி, மதகுக் கல் முழுகியதும் வடக்குக் கரை உடையும் என்று மாடலுக்குச் சொன்னேன். தெற்குத் தெரு காய்ந்தது. மற்ற இடங்களில் சுவரில் இருந்த பழைய தண்ணீர்க் கறைகளும் கணினி சொன்ன உயரமும் நாலு விரல் வித்தியாசத்துக்குள் பொருந்தின. மேலாளர் என் முதுகில் தட்டி, எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். நான் அந்தப் படத்தை அச்செடுத்து என் அறைச் சுவரில் ஒட்டிவைத்தேன்.

ஒரே இடம் எப்படி ஒவ்வொரு முறையும் உடையும் என்று நான் ஏன் கேட்கவில்லை? இதைப் பலமுறை யோசித்துவிட்டேன். ஏரிப் பாசனத்தைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். ஊர் ஊராகக் கல்வெட்டுப் பார்த்துத் திரிந்தவன். நான் வந்த இடம் அப்படி. நம் பக்கத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதே திருவிழா. வந்துவிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் கரையைக் காப்போம். எலி வளையில் நீர் கசிந்தால்கூட அப்பா வேட்டியை அவிழ்த்துச் சுருட்டி அடைப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கரையில் மண்வெட்டி போட்டார் என்று ஒரு பேச்சு வந்தது. மெய்யா பொய்யா என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை. அவர் குடும்பத்துக்கு எங்கள் ஊரில் இருந்து அதன்பின் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. மனிதன் தன் கையால் கரையை வெட்டித் தண்ணீரை வெளியே விடுவான் என்பது என் மூளையில் எந்தச் சதுரத்திலும் இல்லை. கரை உடையும், அது விதி. கரையை வெட்டுவது கொலை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

2011 கோடையில் முனுசாமி அண்ணன் என் அறைக்கு வந்து அந்த வண்ணப் படத்தின் முன்னால் நின்றார். அவர் நிலத்தில் விற்றதுபோக மிஞ்சியது தெற்குத் தெருவின் கோடியில் ஒரு துண்டு. அதில் வீடு கட்ட நினைத்தார்.

"இதுல என் எடம் எங்க கீது?"

காட்டினேன். அந்தச் சதுரங்கள் வெள்ளையாக இருந்தன.

"வெள்ளன்னா?"

"தண்ணி ஏறாதுண்ணே. 2005 மாதிரி மழை பேஞ்சாலும் ஏறாது."

"மேஸ்திரி பேஸ்மட்டம் நாலடி ஒசத்தணும்ன்றான். நீ இன்னா சொல்ற?"

"ரெண்டடி போதும்ண்ணே. எதுக்கு வீணா மண்ணக் கொட்டிக்கிட்டு."

அவர் அந்த வெள்ளைச் சதுரத்தையே பார்த்தார். "கம்பூட்டரே சொல்லிட்சி" என்று சிரித்தார். அந்தத் தெருவில் தண்ணீர் ஏறாததற்கு என்ன காரணம் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. இவ்வளவு படித்தவன், கருவி வைத்து அளந்தவன், ஊரார் சொன்ன அந்த ஒரு பொய்யையும் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்திருப்பான் என்று நினைத்தாராம். பிறகு அவரே சொன்னது இது. மறு ஆண்டு வீடு எழும்பியது, இரண்டடி மேல். மொட்டைமாடியில் எனக்கு ஓர் அறை. பசுக்களுக்குப் பின்னால் கொட்டகை.

2013இல் பூங்கா வேலை முடிந்தது. என் மாடல் காட்டிய உடைப்புக்கு நேராக, பூங்காவின் உள்ளே அகலமான கான்கிரீட் கால்வாய் ஒன்று வெட்டினார்கள். கரை உடைந்தால் தண்ணீர் அதில் இறங்கி ஓடைக்குப் போய்விடும். அளவெல்லாம் துல்லியம். பூங்காவைச் சுற்றி எட்டடி மதில் எழுந்தது. வடக்குக் கரைக்குப் போகவேண்டுமானால் இனிப் பூங்காவின் கேட் வழியாகத்தான் போகவேண்டும், அதற்கு அடையாள அட்டை வேண்டும். ஒரு காலத்தில் கரைக்குப் போன ஆட்களெல்லாம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தது கால்வாயை, நாட்குறிப்பில் எழுதியும் வைத்தேன்: "கால்வாய் அழகாக வந்திருக்கிறது."

2015 டிசம்பர் முதல் தேதி செவ்வாய்க்கிழமை. மழை விட்டு விட்டுப் பெய்வதை நிறுத்தி, ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. நான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன், சாலையில் இடுப்பளவு தண்ணீர். பிற்பகலில் முனுசாமி அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, எங்க கீற?"

"ஆபீஸ்லதாண்ணே. பஸ்ஸு ஒண்ணும் ஓடல."

"மதகுக் கல்லு முழுகிட்சி. நான் பார்க்கு கேட்டாண்ட நிக்கறேன். செக்குரிட்டி உள்ள வுட மாட்டன்றான். உனுக்குதான் அந்த ஆபீசரத் தெரியுமே, ஒரு போன் போட்டு வுடச் சொல்லு."

"உள்ள எதுக்குண்ணே?"

போனில் மழை இரைந்தது.

"கர மேல ஒரு வேல கீது."

"அய்யோ, இப்பப் போயி கரை மேல ஏறாதீகண்ணே. கல்லு முழுகிருச்சுன்னா ஒடையிற நேரம். ஒரு மணி நேரத்துல அது தானா ஒடஞ்சி, தண்ணி பூராம் கால்வாய்க்குள்ள எறங்கிரும். நீங்க வீட்டுக்குப் போங்க. ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்ல."

"தானா ஒட்சிக்குமா?"

"ஆமாண்ணே."

"செரி" என்று வைத்துவிட்டார்.

அந்தப் பூங்கா அதிகாரியின் எண் என் போனில் இருந்தது. ஒரு விரல் தூரம். முனுசாமி அண்ணன் கையில் அப்போது மண்வெட்டி இருந்தது. காவலாளி கேட்டதற்கு, மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்றாராம். மண்வெட்டியோடு எவன் புல் அறுப்பான்? கரையை வெட்டப் போகிறேன் என்று காவலாளியிடமும் சொல்ல முடியாது, அவன் காதுபட என்னிடமும் சொல்ல முடியாது. கரையை வெட்டுவது குற்றம். வெட்டிவிட்டு, தானாக உடைந்தது என்று சொல்வது அங்கே தலைமுறை வழக்கம். அவர் சொன்ன பொய்யையே நான் ஐந்து ஆண்டு கழித்து, கணினியின் உறுதியோடு அவரிடம் திருப்பிச் சொன்னேன். அதற்கு எதிராக அவரால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

கரை உடையவில்லை. நான் வலுவற்றது என்று எழுதிய மண், இரும்பு மாதிரி நின்றது. ஏரி ஏறி, தெற்குப் பக்கம் வழிந்து, தெருவுக்குள் இறங்கியது. முனுசாமி அண்ணன் வீட்டு ஜன்னலின் அடிக்கட்டை வரை தண்ணீர். அவரும் வசந்தா அக்காவும் மொட்டைமாடியில் என் அறைக்குள் இருந்தார்கள். ஒரு பசுவை அவிழ்த்துவிட முடிந்தது, அது மேட்டுக்கு நீந்திப் போனது. சினையாக இருந்த இன்னொன்றை அவிழ்ப்பதற்குள் கொட்டகை சரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க டிவியில் செம்பரம்பாக்கம்தான்: யார் திறந்தது, எப்போது திறந்தது, யார் சொல்லித் திறந்தது. எங்கள் சித்தேரியை யார் திறக்கவில்லை என்று எந்தச் சேனலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்ல ஆள் இருந்தான்.

நான் வெள்ளிக்கிழமை நடந்தே போய்ச் சேர்ந்தேன். வழியில் பூங்காவின் கால்வாயைப் பார்த்தேன். அதில் கணுக்கால் அளவு தண்ணீர், தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் இருந்தது வேறு தண்ணீர். மேலே எண்ணெய் வானவில், மெஷின் ஷாப் வாடை. என் அறிக்கையின்படி ஆலைக் கழிவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் நீர்த்துப்போயிருக்க வேண்டும். ஏரியின் அடியில் படியவேண்டிய வண்டல், வீட்டுக்குள் பீரோவின் கீழ்த்தட்டில் படிந்திருந்தது. பழக்க தோஷம், பையில் இருந்த ஸ்கேலை எடுத்து அதன் கனத்தை அளந்தேன். வசந்தா அக்கா வாரியலால் கூட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அளந்து இன்னா பண்ணப் போற? இதயும் கம்பூட்டர்ல போட்டு வெள்ளயாக் காட்டப் போறியா?"

நான் ஸ்கேலை உள்ளே வைத்தேன். முனுசாமி அண்ணன் சேற்றை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே பேசினார், என்னைப் பார்க்காமல்.

"ஒட்சிகினு பூட்சின்னா நெஜமாவே நம்பிட்டியா நீ? நாங்க வெட்னது தம்பி. ஒவ்வொரு வாட்டியும் நாலு பேரு போய் வெட்டுவோம். எங்கப்பன் வெட்னான், அவங்கப்பன் வெட்னான். கல்லு முழுகிச்சினா வெட்டணும்."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல? ஒங்க வீட்லதான குடியிருந்தேன்?"

"வூட்ல குந்திகினு கேட்டியா? கர மேல நின்னு கேட்ட, நோட்டக் கையில வெச்சிகினு. நோட்டுல எழுதறவன்கிட்ட எவனாவது கரய வெட்னேன்னு சொல்லுவானா?"

ஏழு ஆண்டு அவர் வீட்டில் சோறு தின்றிருக்கிறேன். ஒரு நாள் சாப்பிடும்போது, சும்மா பேச்சுவாக்கில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் என் ஊரைப் பற்றிச் சொன்னேன், முறை வைத்துக் கரை காப்பதை, வெட்டியவன் வீட்டுக்குப் பெண் கொடுக்காததை. அவர் சேற்றில் கை ஊன்றிச் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. "தண்ணிக்குக் காவலா! நல்ல ஊர்லேர்ந்து ஆளப் புட்சாங்கடா நம்ம ஏரிய அளக்க" என்றார். அன்றிலிருந்து வசந்தா அக்கா என்னைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை. சார் என்கிறார்.

அலுவலகத்தில் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, அறிக்கையில் சேர்க்கவேண்டும் என்றேன். "மனுஷன் வந்து வெட்டுவான்னு எந்த பாக்ஸ்லய்யா என்ட்ரி போடுவ?" என்று கேட்டார். பிறகு அவரே ஒரு வரி எழுதினார்: கரை எதிர்பார்த்தபடி செயல்படவில்லை. கரையின் மீது குற்றம். நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். போட்டேன்.

டிசம்பர் கடைசி வாரம் ஊருக்குப் போனேன். அந்த ஆண்டு நம் கண்மாயிலும் தண்ணீர் கிடந்தது. என் அக்கா வீட்டுக்காரர், மச்சான், பெருமையாகக் கரைக்கு அழைத்துப் போனார். "பாத்தீகளா மாப்ள, ஒரு சொட்டு வெளிய விடல" என்றார். காலை வெயிலில் தண்ணீர் மினுங்கியது. நான் சந்தோஷப்பட முயன்றேன். ஆனால் என் கண் மதகுக்குத் தெற்கே ஓர் இடத்தில் போய் நின்றுவிட்டது. கரை அங்கே ஒல்லி; கீழே வீடு கிடையாது, கருவேலங்காடு. பெருமழை வந்தால் ஊரைக் காப்பாற்ற வெட்டவேண்டிய இடம் அது. எவ்வளவு அகலம், எந்த மட்டம் முழுகியதும் வெட்டவேண்டும் என்பதெல்லாம் மனதில் ஓடியது.

"என்ன மாப்ள, அங்கிட்டே பாத்துக்கிட்டு நிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல மச்சான்."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் ஊரில், கரைமேல் நின்று, வெட்டும் இடம் தேடியவன் நான். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. முனுசாமி அண்ணன். வெள்ளத்துக்குப் பின் அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"வூட்ட ஒசத்தணும்ன்றான் மேஸ்திரி. எத்தினி அடி?"

நான் வாயைத் திறந்தேன். கணினி எதுவும் கையில் இல்லை.

"இரு இரு. எங்க நின்னுகினு பேசற?"

"கரை மேலண்ணே. எங்க ஊர்க் கரை."

"அப்ப வோணாம். வூட்டுக்கு வந்து குந்திகினு சொல்லு."

வைத்துவிட்டார். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பயிர். சரிவில் பாதி இறங்கிவிட்ட மச்சான் திரும்பிப் பார்த்து, வீட்டுக்கு வாங்க மாப்ள, சோறு ஆறுது என்று கை காட்டினார்.